தடம் போடப் பணம் இருக்கிறது, காக்கத்தான் இல்லை

ஒரகடத்தில் மலை கிடையாது. ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கி வல்லம், மாத்தூர், ஒரகடம் என்று சிங்கப்பெருமாள்கோவிலை நோக்கிப் போகும் சாலையின் இருபுறமும் நிலம் தட்டையாகத்தான் கிடக்கிறது. ஏறி நின்று பார்க்கும்படியான உயரம் என்றால் ஏரிக்கரைதான். இந்த வட்டாரத்தில் மவுண்டன் பைக் ஓட்ட மண்தடம் வேண்டும், ஊரும் கம்பெனியும் அரசும் சேர்ந்து அதற்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்று சொன்னால், மலையே இல்லாத ஊருக்கு எதற்கு மலை சைக்கிள் என்ற கேள்விதான் முதலில் வரும்.

நெதர்லாந்திலும் மலை கிடையாது. ஆனாலும் அந்த நாட்டின் உட்ரெக்ட் மாகாணத்துக் காட்டுப் பகுதியில் மவுண்டன் பைக்குக்கென்றே தனித் தடங்கள் இருக்கின்றன. அங்கே ஓட்டுகிறவர்கள் ஆண்டுக்கொரு முறை காசு கட்டி ஒரு சீட்டு வாங்கிச் சைக்கிளில் ஒட்டிக்கொள்கிறார்கள். அந்தக் காசு தடத்தின் பராமரிப்புக்குப் போகிறது. மண்தடத்துக்குத் தேவை மலை உச்சி இல்லை. கொஞ்சம் மேடு பள்ளம், வளைவு, மர நிழல், மோட்டார் வண்டி வராது என்ற நிச்சயம் ஆகியவை போதும். அதற்கான இடம் இங்கே ஏராளமாக இருக்கிறது. அதன் பெயர் ஏரிக்கரை.

தமிழ்நாட்டிலேயே இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. 1968-ல் ஆரோவில் தொடங்கியபோது அந்த நிலம் மழை அரித்துப் பள்ளம் பள்ளமாகக் கிடந்த செம்மண் பொட்டல். மழைநீர் ஓடிப் போகாமல் நிற்க வரப்பு வரப்பாக மண்ணைக் கட்டி, மரம் நட்டுக் காடாக்கினார்கள். இன்று அந்தக் காட்டுக்குள் சைக்கிள் பாதைகள் போகின்றன. மண்ணைக் காப்பாற்றும் வேலையும் சைக்கிள் பாதையும் அங்கே சேர்ந்தே இருக்கின்றன.

இனி ஒரகடத்துக்கு வருவோம். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரிக்கத் தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை, 2012-ல் பாரத் பென்ஸ் லாரிகள் செய்யும் டெய்ம்லர் ஆலை, 2013-ல் ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாக வந்தன. வண்டிகளைச் சோதித்துப் பார்ப்பதற்கென்றே மத்திய அரசு ஒரகடத்தில் ஓர் ஆராய்ச்சி மையம் கட்டியிருக்கிறது. அதற்குள் விதவிதமான சோதனை ஓட்டப் பாதைகள் உண்டு. பஸ், கார், மோட்டார் சைக்கிள் என்று நாட்டின் பாதி வண்டிகள் ஓடிப் பழகுகிற வட்டாரம் இது. ஆனால் ஒரு பிளஸ் ஒன் மாணவி தனக்கு அரசு கொடுத்த சைக்கிளைப் பயமில்லாமல் ஓட்டிப் போக இங்கே ஒரு பாதை கிடையாது.

ஷிப்டு மாறும் நேரத்தில் ஒரகடம் கூட்டுரோட்டில் நின்றால் இது கண்ணில் படும். ஆறு வழிச் சாலையில் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்புகின்றன. பின்னாலேயே கார் ஏற்றிய நீள டிரெய்லர். சாலையின் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, தார் முடிந்து ஜல்லி தொடங்கும் அந்த ஒரு முழ இடத்தில் சைக்கிள்கள் போகின்றன. ஓட்டுகிறவர்களில் பலர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள். டிரெய்லர் பக்கத்தில் வரும்போது காற்று இழுக்கும் என்பதால் இறங்கி நின்று, அது போன பிறகு மறுபடி ஏறுகிறார்கள்.

வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய பெண் தொழிலாளர் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. 18,720 பேர் தங்கும் விடுதி, செலவு 706 கோடி ரூபாய்க்கு மேல். ஒரே வளாகத்தில் ஒரு சிறு நகரமே குடியிருக்க இடம் கட்டியாகிவிட்டது. வார விடுமுறை நாளில் அந்தப் பெண்கள் எங்கே போவார்கள்? விடுதி வாசலைத் தாண்டினால் கனரக வாகனம் ஓடும் சாலை. இருபது வயதுப் பெண் ஒருத்தி நாள் முழுக்க அசெம்பிளி லைனில் நின்ற காலோடு, விடுமுறையிலும் நாலு சுவருக்குள் இருக்கிறாள் என்பது இந்த வட்டாரத்தின் வளர்ச்சியில் ஒரு பெரிய ஓட்டை. அதை அடைக்கச் செலவு அதிகம் ஆகாது.

ஆயக்கட்டு இல்லாத ஏரிகள்

காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களின் ஏரிகள் சங்கிலித் தொடர். மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து, கால்வாயில் ஓடிக் கீழ் ஏரிக்குப் போகும். மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரி நீர்தான் அடையாறாகத் தொடங்கி முடிச்சூர், வரதராஜபுரம் வழியாகச் சென்னைக்குள் நுழைகிறது. 2015 டிசம்பரில் அந்த ஊர்கள் மூழ்கியதை யாரும் மறந்திருக்க முடியாது. ஆக, இங்குள்ள ஒரு கரையின் நலம் அந்த ஊரோடு நிற்பதில்லை.

இந்தக் கரைகளை யார் பார்த்துக்கொண்டார்கள்? ஏரித் தண்ணீரை நம்பிப் பயிர் செய்தவர்கள். மதகு ஒழுகினால் அவர்கள் வயல் காயும். கரை உடைந்தால் அவர்கள் வீடு போகும். அதனால் குடிமராமத்து என்று ஊரே இறங்கி வேலை செய்தது. 2017 மார்ச்சில் தமிழக அரசு குடிமராமத்துத் திட்டத்தை மீண்டும் தொடங்கியபோது அதற்கான விழாவை நடத்தியது இதே மணிமங்கலத்தில்தான். முதல் கட்டமாக 100 கோடி ரூபாய், 1,519 பணிகள். வேலையைப் பாசன விவசாயிகளின் சங்கங்களே செய்ய வேண்டும், மதிப்பில் 10 சதவீதத்தை உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ அவர்கள் தர வேண்டும் என்பது ஏற்பாடு.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் தொழிற்பேட்டை வந்த ஊர்களில் அதற்கு அடித்தளமே ஆட்டம் காண்கிறது. ஏரி நீர் பாய்ந்த ஆயக்கட்டு நிலம் ஆலையாகவும் மனைப்பிரிவாகவும் குடோனாகவும் மாறிவிட்ட இடத்தில் பாசன விவசாயி என்று யார் மிச்சம்? ஏரி இருக்கிறது, கரை இருக்கிறது, அதன் மேல் தினம் நடந்து பார்க்கிற ஆள் இல்லை. நண்டு வளை விழுந்து நீர் கசியத் தொடங்கினால் கரை கரையும்வரை யாருக்கும் தெரியாது. ஆள் நடமாட்டம் இல்லாத கரையில் முதலில் வருவது சீமைக் கருவேலம், அடுத்து குப்பை லாரி, அதற்கடுத்து ஆக்கிரமிப்பு.

நான் மண்தடம் கேட்பது இதற்காகவும்தான். காலையில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள், நடக்கிறவர்கள், ஓடுகிறவர்கள், மாடு மேய்க்கிறவர்கள் எல்லோரும் தினமும் புழங்கினால் அந்த ஏரிக்குப் புதிதாக ஓர் ஆயக்கட்டு உருவாகும். தண்ணீரில் பயிர் செய்யாவிட்டாலும் கரை நன்றாக இருக்க வேண்டும் என்று நினைக்கிற கூட்டம் அது. சென்னைக்குத் தெற்கே செம்பாக்கம் ஏரியை ‘தி நேச்சர் கன்சர்வன்சி’, ‘கேர் எர்த் டிரஸ்ட்’, ஐஐடி மெட்ராஸ் ஆகியவை சேர்ந்து மீட்டெடுத்தன. அருண் கிருஷ்ணமூர்த்தி 2007-ல் தொடங்கிய இ.எஃப்.ஐ. அமைப்பு கம்பெனிகளின் பணத்தையும் தன்னார்வலர்களின் உழைப்பையும் சேர்த்துப் பல ஏரிகளைத் தூர்வாரியிருக்கிறது. தூர்வாரிய பிறகு அந்தக் கரையைத் தினசரி புழக்கத்துக்குக் கொண்டுவருவதுதான் அடுத்த படி.

தண்ணீர் அறிந்தவர்கள்

மண்தடத்தைக் கெடுப்பது டயர் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையான எதிரி தண்ணீர். கரை உச்சியில் ஒரு டிராக்டர் போய் இரண்டு கோடு விழுந்தால், அடுத்த மழையில் அந்தக் கோடுதான் வாய்க்கால். நீர் அதில் தேங்கி மண்ணை ஊறவைக்கும். சரிவு கிடைத்ததும் வேகம் பிடித்துப் பக்கவாட்டில் அறுத்துக்கொண்டு இறங்கும். இரண்டு ஐப்பசி போனால் முழங்கால் ஆழம்.

1988-ல் அமெரிக்காவில் தொடங்கிய சர்வதேச மவுண்டன் பைக் சங்கம் உலகுக்குச் சொல்லிக்கொடுத்த தடப் பாடம் ஏறக்குறைய முழுவதும் தண்ணீர் பற்றியதுதான். தடத்தின் ஏற்றம் சராசரியாக 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பக்கச் சரிவு எவ்வளவோ அதில் பாதிக்கு மேல் தடம் ஏறக் கூடாது. தடம் வெளிப்பக்கமாக 5 சதவீதம் சாய்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் விழுந்த மழை நீளவாக்கில் ஓடாமல் குறுக்கே வழிந்துவிடும். அங்கங்கே தடத்தை லேசாக இறக்கி ஏற்றினால் நீர் அந்த இடத்தில் வெளியேறும், சைக்கிள்காரருக்கு அதுவே ஒரு துள்ளல்.

வரப்பு கட்டிப் பழகிய எவருக்கும் இது புது வித்தை இல்லை. மண்வெட்டி, கடப்பாரை, பாண்டு ஆகிய மூன்றும் இருந்தால் போதும். நூறு நாள் வேலையில் ஏரி ஏரியாக மண் சுமந்த பெண்களுக்கு எந்த இடத்தில் நீர் தேங்கும், எங்கே கரை இளகும் என்பது அளவுக்கருவி இல்லாமலே தெரியும். தடம் போடும் வேலைக்கு முதலில் சம்பளம் கொடுத்துக் கூப்பிட வேண்டியவர்கள் அவர்கள்தான். வெளியூர் வடிவமைப்பாளர் வரட்டும், ஆனால் அவர்களோடு கரையை ஒரு முறை முழுக்க நடந்துவிட்டு வரையட்டும்.

ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஏரிக்கரை பாதுகாப்புக் கட்டுமானம். அதை வெட்டி ஏற்றம் இறக்கம் செய்யக் கூடாது, மதகையும் கலங்கலையும் தொடவே கூடாது. கரை உச்சியில் சமதளமாகத் தடம் போகட்டும். துள்ளலும் வளைவும் வேண்டிய பகுதியைக் கரையை விட்டு விலகி, சிப்காட்டின் பசுமைப் பகுதியிலோ புறம்போக்கு மேட்டிலோ அமைக்கலாம். வடகிழக்குப் பருவமழை கொட்டும் நாட்களில் தடத்தை மூடிவிட வேண்டும். ஈரக் கரையில் ஓட்டினால் தடமும் கெடும், கரையும் கெடும்.

சீமைக் கருவேல முள்ளைப் பற்றிப் பேசாமல் இந்த வட்டாரத்தில் சைக்கிள் பேச்சே கிடையாது. பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினால் ஒரு இடத்தில் கொப்புளம் வரும். அதை அடைத்துவிட்டு மறுபடி அமுக்கினால் பக்கத்தில் இன்னொன்று. டயருக்குள் விரல் விட்டுத் தடவும்போதுதான், முறிந்துபோன முள் நுனி ரப்பருக்குள் புதைந்து இருப்பது தெரியும். அதை இடுக்கியால் பிடுங்காமல் எத்தனை ஒட்டுப் போட்டாலும் பயனில்லை. தடம் போட்டுவிட்டு ஓரத்துக் கருவேலத்தை ஆண்டுதோறும் வேரோடு எடுக்கவில்லை என்றால் ஆறே மாதத்தில் அதில் யாரும் ஓட்ட மாட்டார்கள். அதை எடுக்கிற ஆளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். ஆண்டுதோறும் கொடுக்க வேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

இரண்டு சதவீதத்தின் கதை

கம்பெனிகள் சட்டம் 2013-ன் 135-வது பிரிவு 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்காகச் செலவிட வேண்டும். சராசரி லாபம் 100 கோடி என்றால் ஆண்டுக்கு 2 கோடி. தான் இயங்கும் ஊருக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. இந்தச் சாலையோரத்தில் அந்த வரம்பைத் தாண்டிய கம்பெனிகளுக்குப் பஞ்சமில்லை.

எந்தத் தலைப்பில் கேட்பது என்பது முக்கியம். 1996 அட்லாண்டா போட்டியிலிருந்து மவுண்டன் பைக் ஒலிம்பிக் விளையாட்டு. 2023 அக்டோபரில் ஆசிய மவுண்டன் பைக் போட்டி நம் பக்கத்துக் கேரளத்தின் பொன்முடியில் நடந்தது. ஆனால் சட்டத்தின் ஏழாம் அட்டவணை விளையாட்டைப் பற்றிச் சொல்லும்போது பயிற்சியைத்தான் குறிப்பிடுகிறது. ஆகவே தடத்தை ஊரக மேம்பாடாகவும் நீர்நிலைப் பாதுகாப்பாகவும் காட்டிக் கேட்பதே சரி. உண்மையும் அதுதான். இன்னொரு விதி: கம்பெனி தன் ஊழியர்களுக்காக மட்டும் செய்வது இந்தக் கணக்கில் வராது. மதில் சுவருக்குள் தடம் போட்டுவிட்டுச் சமூகப் பொறுப்பு என்று எழுத முடியாது. ஊருக்குத் திறந்த தடமாக இருந்தால்தான் செல்லும். இந்த விதியை நான் மனமார வரவேற்கிறேன்.

ஆனால் அதே விதிகளில் ஒரு முட்டுச்சந்து இருக்கிறது. 2021 ஜனவரித் திருத்தத்துக்குப் பிறகு, தொடர் திட்டம் என்றால் தொடங்கிய ஆண்டைத் தவிர்த்து மூன்று ஆண்டுகளுக்குள் முடிந்துவிட வேண்டும். உருவாக்கிய சொத்தைப் பொது அமைப்பிடமோ பயனாளிக் குழுவிடமோ பதிவு பெற்ற அறக்கட்டளையிடமோ ஒப்படைக்க வேண்டும். இதுவரை சரி. ஆனால் ஒரு தொகையை வைப்பு நிதியாகப் போட்டு, அதன் வட்டியில் பராமரிப்பை நடத்தலாம் என்றால், அப்படி வைப்பு நிதிக்குக் கொடுப்பது சமூகப் பொறுப்புச் செலவாக ஏற்கப்படாது. நாடா வெட்டப் பணம் உண்டு. ஐந்தாம் ஆண்டு கருவேலம் வெட்டப் பணம் இல்லை. இந்த வட்டாரத்தில் துருப்பிடித்து நிற்கும் எத்தனையோ ‘அன்பளிப்பு’ப் பெயர்ப் பலகைகளுக்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான்.

இதே காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து, 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலுக்காகப் பேர்பெற்றவை. அந்தத் தேர்தலில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் ஆறு பேர் ஏரி வாரியம். அவர்கள் பொறுப்பு ஏரி மட்டுமே. தூர்வாரும் செலவுக்குப் பொன்னைச் சபையிடம் வைப்பாகக் கொடுத்து, அதன் வட்டியில் ஆண்டுதோறும் வேலை நடக்க வழிசெய்த கல்வெட்டுகள் தொண்டை மண்டலத்தில் உண்டு. ஏரிக்கென்றே நிலம் ஒதுக்கிய ஏரிப்பட்டி முறையும் இருந்தது. கட்டியவன் செத்த பிறகும் கரை நிற்க வேண்டும் என்று யோசித்து, அதற்கு வருமானத்தையும் கையோடு கட்டிவைத்த ஊர்கள் இவை. ஆயிரம் ஆண்டுக்கு முன் இந்த மண்ணில் நடைமுறையில் இருந்ததை இன்றைய விதி அனுமதிக்கவில்லை. அரசு இதைத் திருத்த வேண்டும். நீர்நிலைப் பராமரிப்புக்கு, ஊராட்சியின் பெயரில், தணிக்கைக்கு உட்பட்ட வைப்பு நிதி என்று ஒரே ஒரு விலக்கு போதும்.

திருத்தம் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. தொழில் வரி இருக்கிறது. மாதச் சம்பளக்காரரிடம் ஆறு மாதத்துக்கொரு முறை பிடிக்கிற வரி அது. அரசியல் சாசனப்படி ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய் வரை வசூலிக்கலாம். ஊராட்சி எல்லைக்குள் உள்ள ஆலை என்றால் அந்தப் பணம் அந்த ஊராட்சிக்குப் போகிறது. அதாவது விடுதியில் தங்கியிருக்கும் திருவண்ணாமலைப் பெண்ணும், ஒடிசாக்காரரும் அந்த ஊருக்கு வரி கட்டுகிறவர்கள். ஓட்டு சொந்த ஊரில் இருப்பதால் கிராம சபையில் அவர்களுக்குக் குரல் இல்லை. வரியில் ஒரு சிறு பங்கையாவது அவர்கள் கால் வைக்கக்கூடிய ஒரு பாதைக்கு ஒதுக்குவது சலுகை ஆகாது, அவர்களுக்குச் சேர வேண்டியது.

நமக்கு நாமே திட்டமும் இருக்கிறது. 1997-98-ல் தொடங்கி, இடையில் தன்னிறைவுத் திட்டமாகப் பெயர் மாறி, 2021-22-ல் பழைய பெயரிலேயே திரும்பிவந்தது. பொதுமக்கள் பங்காக மூன்றில் ஒரு பகுதி வந்தால் மீதியை அரசு போடும். தனி ஆளும் கொடுக்கலாம், கம்பெனியும் கொடுக்கலாம். 9 லட்ச ரூபாய் வேலைக்கு 3 லட்சம் திரட்டினால் போதும். சென்னையிலிருந்து அதிகாலையில் கார் கூரையில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு நல்ல மண்பாதை தேடி ஓடுகிறவர்கள், ஒரு சைக்கிளுக்கே லட்ச ரூபாய் செலவழிக்கிறவர்கள், இந்த மூன்றில் ஒரு பங்கில் கை வைக்கலாம். டச்சுக்காரர்களைப் போல ஆண்டுச் சீட்டு முறையும் வெளியூர் சைக்கிள்காரர்களுக்குப் பொருந்தும். உள்ளூர்க்காரருக்கும் தொழிலாளருக்கும் சீட்டு வேண்டாம்.

வெளியே நடந்தவை

ஆலை முதலாளியின் பணத்தில் தடம் என்றால் உலகம் காட்டுவது அமெரிக்காவின் பென்டன்வில் நகரத்தை. வால்மார்ட்டின் தலைமையகம் உள்ள ஊர் அது. வால்மார்ட்டை நிறுவிய வால்டன் குடும்பத்தின் அறக்கட்டளை 2007 வாக்கில் முதல் தடத்தில் தொடங்கி, பெருந்தொகையை மண்தடங்களில் கொட்டியது. இன்று அந்த ஊர் மவுண்டன் பைக்கின் தலைநகரம் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறது. அதில் கற்க நிறைய இருக்கிறது, குறிப்பாகத் தடம் ஊருக்குள்ளேயே, வீட்டு வாசலிலிருந்து தொடங்குவது. ஆனால் ஒரே குடும்பத்தின் மனசை நம்பி நிற்கும் ஏற்பாடு நமக்குப் பொருந்தாது. கம்பெனி விற்கப்படும், பங்கு கைமாறும், ஆலை மூடப்படும். 2006-ல் பெரும் ஆரவாரத்தோடு ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா ஆலை 2014-ல் மூடியதைப் பார்த்த வட்டாரம் இது.

நியூசிலாந்து எடுத்த வழி எனக்கு நெருக்கமாகத் தெரிகிறது. 2009-ல் உலகப் பொருளாதாரச் சரிவின் நடுவில், வேலைவாய்ப்புக்கான யோசனையாக அந்நாட்டுப் பிரதமர் ஜான் கீ தேசிய சைக்கிள் தடத் திட்டத்தை அறிவித்தார். 50 மில்லியன் நியூசிலாந்து டாலர் ஒதுக்கினார்கள். உள்ளூர் அறக்கட்டளைகளும் நகராட்சிகளும் தம் பங்கைப் போட்டுத் தடங்களை வெட்டின. சில ஆண்டுகளில் பராமரிப்புப் பிரச்சினை அங்கேயும் தலைதூக்கியது. அதற்கென்றே அரசு தனி நிதியை உருவாக்கி, உள்ளூர் அமைப்பும் பங்கு போட வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. நமக்கு நாமே திட்டத்தைப் பராமரிப்புக்கும் நீட்டினால் கிடைப்பது அதுதான்.

யாருக்கான தடம்

தடத்தின் தரத்தை அளக்க என்னிடம் ஓர் எளிய வழி இருக்கிறது. தமிழக அரசு 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு விலையில்லா சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. 2005-06 முதல் அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளிப் பிளஸ் ஒன் மாணவர்கள் எல்லோருக்கும் அது கிடைத்தது. கியர் இல்லாத, கனத்த, முன்னால் கூடை வைத்த சைக்கிள். அதை ஒரு பெண் சீருடையோடு ஓட்டிப் போக முடிந்தால் அது நல்ல தடம். லட்ச ரூபாய் மவுண்டன் பைக் மட்டும்தான் போகும் என்றால், அது ஊர்ப் புறம்போக்கில் சிலருக்காகப் போட்ட வேலி. கடினமான வளைவும் துள்ளலும் தேவைப்படுகிறவர்களுக்குப் பக்கத்தில் கிளைத்தடம் வெட்டிக்கொடுக்கலாம். அதில் ஊர்ப் பையன்கள் எப்படிப் பறப்பார்கள் என்பதைப் பார்க்க எனக்கு ஆசை. 1949-ல் அம்பத்தூரில் சைக்கிள் ஆலை தொடங்கி பிஎஸ்ஏ, ஹெர்குலிஸ் என்று நாட்டுக்கே சைக்கிள் கொடுத்த மாநகரின் ஓரத்தில், ஓர் ஒலிம்பிக் விளையாட்டுக்கான வீரர் வளர ஒரு மேடு கூட இல்லாமல் இருப்பது சரியில்லை.

மேய்ச்சல்காரர்களுக்கு முதல் உரிமை. மாடு வந்தால் சைக்கிள் நிற்க வேண்டும். மோட்டார் சைக்கிள் நுழையாதபடி இரண்டு பக்கமும் குறுக்குக் கல் நட வேண்டும், ஆனால் கன்று புகும் இடைவெளி இருக்க வேண்டும். விடுதிப் பெண்கள் மாலை ஷிப்டு முடிந்து வருவதற்கு விளக்கு கேட்பார்கள். கரை முழுக்க விளக்குப் போட்டால் பறவைகள் போய்விடும், ஆகவே விடுதியிலிருந்து கரை ஏறும் இடம்வரை மட்டும் போதும். பெண்கள் பகலில் கூட்டமாக வந்து பழகிவிட்டால் அந்தக் கரை யாருடையது என்ற கேள்வி எழாது.

அனுமதி யாரிடம் என்பதும் தெளிவாகவே இருக்கிறது. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு கொண்ட ஏரி நீர்வளத் துறையிடம், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடம். முதல் தடத்துக்கு ஒன்றியத்து ஏரி ஒன்றை எடுப்பதே புத்திசாலித்தனம். கோப்பு நகரும் தூரம் குறைவு, தப்பு நடந்தால் திருத்துவதும் சுலபம்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அதில் ஒன்று மே 1, தொழிலாளர் தினம். அன்று இந்தச் சாலையோர ஊராட்சி ஏதேனும் ஒன்று நிறைவேற்ற வேண்டிய தீர்மானம் நான்கு வரிக்கு மேல் போகாது: எங்கள் ஏரியின் கரையில் சைக்கிளுக்கும் நடைக்கும் மண்தடம் அமைக்க ஒப்புதல். அதைக் கவனிக்க ஆறு பேர் குழு, அதில் விடுதித் தொழிலாளர் இருவர், மேய்ச்சல்காரர் ஒருவர். அமைக்கும் செலவுக்கு நமக்கு நாமே திட்டத்திலும் கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியிலும் விண்ணப்பம். பராமரிப்புக்குத் தொழில் வரி வருவாயில் ஆண்டுதோறும் ஒரு பங்கு, அதன் வரவு செலவுக் கணக்கு அடுத்த மே 1 சபையில் வாசிக்கப்படும்.